உப்பு அரைக்கிற மெஷின்

பாப்பா,

இதை நீ படிக்கும்போது இபிசா தீவில் உன் அறையில் பெட்டியைத் திறந்து வைத்திருப்பாய். துணிகளுக்கு நடுவே உன் அம்மாவின் பழைய நைட்டியில் சுற்றிய ஒரு கண்ணாடி பாட்டில் இருக்கும். பதறாதே, ஊறுகாய் இல்லை. ஊறுகாய் பாட்டில்தான், உள்ளே இருப்பது வேறு. அது என்னவென்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம். பன்னிரண்டாவது பரீட்சைக்கு அப்புறம் உன் அப்பன் இத்தனை பக்கம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கை வலிக்கிறது, ஆனால் மனசு ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்று குதிக்கிறது. நாளைக்கு உன்னோடு விமான நிலையத்துக்கு நானும் வருவேன். அங்கே இதையெல்லாம் நேரில் சொல்லலாம்தான். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது, கண்ணில்தான் வரும். அதனால் உப்பளத்துக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னோடு பாத்தியில் வேலை பார்க்கிற அஞ்சலைக்கும் படித்துக் காட்டப் போகிறேன். உறையை ஒட்டவும் மாட்டேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், ஒளித்து வைத்து நான் பட்டது போதும்.

போன வருஷம் இதே மாதம் நீ முதல் முறை கிளம்பியபோது நான் வழியனுப்ப வரவில்லை. உப்பு வார வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். அன்றைக்கு ஒரு பாத்தியும் வாரும் பதத்தில் இல்லை. சும்மா வரப்பில் உட்கார்ந்து மேலே போகிற விமானத்தை எல்லாம் முறைத்துக்கொண்டிருந்தேன். புதுச்சேரி ஓட்டல் பாரில் நீ மூன்று வருஷம் வேலை பார்த்தபோது 'ஓட்டல் வேலை' என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். இப்போது உலகத்துப் பணக்காரப் பிள்ளைகள் எல்லாம் ஆட வருகிற தீவில், விடிய விடிய நடக்கிற கிளப்பில், கிளாசில் ஊற்றிக் கொடுக்க என் மகள் கடல் தாண்டிப் போகிறாள் என்பதை என்னால் முழுங்க முடியவில்லை. அதுதான் உண்மை.

மறுநாள் ஒரு படம் அனுப்பினாய். விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியாக எடுத்தது. கீழே கட்டம் கட்டமாகத் தண்ணீர், ஒரு கட்டம் வெள்ளை, ஒன்று ரோஸ், ஒன்று பாசிப் பச்சை, நடுவில் கோடு போட்ட மாதிரி வரப்பு. கூடவே உன் குரல்: “அப்பா, பாத்தி பாரு! பாத்திப்பா! மரக்காணத்துலயே வந்து எறங்குற மாதிரி இருக்குது!” அந்தக் குரலை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். டான்ஸ் கிளப் தீவு என்று நான் பயந்துகொண்டிருந்த ஊர் கடைசியில் உப்பளத்து ஊர்! நம் கழுவேலி ஏரிக்கு வருகிற பூநாரை அங்கேயும் வருமாம். அதே நடை, அதே கோணல் மூக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன்.

பக்கத்துப் பாத்தி தனசேகர் மாமா அங்கே இருந்தார். படத்தை வாங்கி இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஏம்பா, வேதாரண்யமா இது?”

“ஸ்பெயின்பா. நம்ம பாப்பா போயிருக்குற தீவு.”

“அடேங்கப்பா. அங்க பாப்பாவுக்கு என்ன வேலை?”

“உப்புக் கம்பெனில ஆபீசர்.”

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் சாஃப்ட்வேர் என்று சொல்லியிருப்பான். உப்பளத்தான் பொய் சொன்னாலும் அதில் உப்புதான் இருக்கிறது, என்ன செய்ய?

அந்தப் பொய் சும்மா கிடந்ததா என்றால் இல்லை. தினம் ஒருவர் அதற்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். அங்கே வருஷத்துக்கு எத்தனை தரம் வாருவார்கள், மோட்டாரா இன்ஜினா, மழை வந்தால் எதைப் போட்டு மூடுவார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒரு நாள் உன் ஆபீசுக்கு ஏசி இருக்கிறது என்றேன், இன்னொரு நாள் உனக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள் என்றேன். ஆடி மாதம் தனசேகர் மாமா தன் மகன் விக்கிக்கு அங்கே உப்பளத்தில் ஒரு வேலை போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார். பையன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டானாம். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. உன் அம்மா மட்டும் “சொன்ன வாய்தானே, நல்லா மெல்லுங்க” என்று கூடக் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

நீயோ எதுவும் தெரியாமல் தினமும் போன் செய்துகொண்டிருந்தாய். உனக்கு நடுராத்திரி இடைவேளை, எனக்கு உப்பளத்துக்குக் கிளம்புகிற நேரம். ஊரில் அந்த நேரத்துக்கு விழித்திருப்பது நாயும் உப்பளத்துக்காரனும்தான், அந்தக் கணக்கில் தீவிலிருந்து நீயும் சேர்ந்தாய். வரக்காப்பி குடித்துக்கொண்டே உன்னோடு பேசுவேன். கிளப்பின் பின்கதவைத் திறந்து, காலி பாட்டில் கூடை அடுக்கியிருக்கும் சந்துக்கு வந்து நின்று பேசுவாய். பாட்டுச் சத்தம் எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் வெளியே வந்தாய் என்பது எனக்குத் தெரியும். கேட்டால் அப்பா முகம் சுளிப்பார் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் கதவு மூடுகிற வரைக்கும் ஒரு தும் தும் கேட்கும். நான் கேட்காத மாதிரி “சாப்டியா?” என்பேன்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். உப்புக் கம்பெனி ஆபீசர் பெண் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள். வீடியோ காலில் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று மாப்பிள்ளையின் அப்பா சொன்னார். இங்கே காலை ஒன்பது மணி. உனக்கு ஐந்தரை, இன்னும் வேலை முடியவில்லை. கறுப்பு ஏப்ரன், தூக்கிக் கட்டின முடி, தூக்கம் சொக்கும் கண், அதிலும் ஒரு சிரிப்பு. பின்னால் கூடைகள். யாரோ கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்கள் போல, தும் தும் தும் என்று நம் வீட்டுக் கூடமே அதிர்ந்தது.

“என்னாங்க அது சத்தம்?” என்றார் அவர்.

“மெஷினுங்க. உப்பு அரைக்கிற மெஷின். நைட் ஷிஃப்ட் ஓடுது. பின்னால பாருங்க, மூட்டை அடுக்குற எடம்.”

போனில் உன் சிரிப்பு நின்றுபோனதை நான் பார்த்தேன். “மெஷினாப்பா?” என்று கேட்டாய். மெதுவாகத்தான் கேட்டாய். நான் உன்னைப் பார்க்காமல் “ஆமா, நீ போய் வேலையப் பாரும்மா” என்று போனை வைத்துவிட்டேன். மறுநாள் விடிகாலை வரக்காப்பி ஆறிப்போயிற்று, போன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அப்புறம் அம்மாவுக்கு மட்டும் பேசினாய்.

ஐப்பசி மழையில் பாத்தியெல்லாம் முழுகிக் கிடந்தபோது நீ வந்தாய். உன் கிளப்பையும் அதே மாதத்தில்தான் மூடுவார்களாம். இரண்டும் வெயில் இருக்கிற வரைக்கும் ஓடுகிற பிழைப்பு என்று அன்றைக்கே சொல்லிச் சிரித்திருக்க வேண்டும், சொல்லவில்லை. நீ சண்டை போடவும் இல்லை. “சாப்பிடுப்பா”, “மாத்திரை போட்டியா” என்று கேட்டாய். அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. தையில் நான் பாத்தியை மிதித்துத் தயார் செய்தபோது, நீ அடுப்படியில் புளியும் இஞ்சியும் நாட்டுச் சர்க்கரையும் சோடாவும் கலந்து பார்த்துக்கொண்டிருந்தாய். இந்த சீசனுக்கு ஆளுக்கு ஒரு புது டிரிங்க் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்களாம், மேனேஜருக்குப் பிடித்தால் மெனுவில் உன் பெயரோடு போடுவார்களாம். அம்மா குடித்துப் பார்த்து “ரசம் மாதிரி இருக்குதுடி, கொஞ்சம் பெருங்காயம் போடு” என்றாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் ஒரு மதியம் சோறு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு வந்தாய். காற்றே இல்லாத நாள். அப்படிப்பட்ட நாளில் சுண்டின தண்ணீர் மேல் பாலாடை மாதிரி மெல்லிசாக உப்பு படியும். அதை விட்டால் வெயில் உள்ளே இறங்காது, அடியில் உப்பு விளையாது. அதனால் பலகையால் தட்டி உடைத்து முழுக வைப்போம். அஞ்சலை அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நீ தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டு ஓடினாய்.

“அத்தே, நிறுத்து! அத உடைக்காத!”

மூச்சு வாங்கச் சொன்னாய். அந்தத் தீவில் இந்த மேல் ஏட்டைத்தான் பூ மாதிரி அள்ளி எடுத்துச் சின்னச் சின்ன டப்பாவில் போட்டு விற்கிறார்களாம். மற்ற உப்பெல்லாம் மூட்டையில் போகுமாம், இதுதான் ராஜாவாம். கிளாஸ் விளிம்பில் எலுமிச்சை தடவி இதைத்தான் ஒட்டுவார்களாம். “என் டிரிங்க்குக்கு நம்ம பாத்தி உப்பையே எடுத்துட்டுப் போறேன்ப்பா” என்றாய். ஏழு மாதத்துக்கு அப்புறம் நீ என்னிடம் ஆசையாகப் பேசிய முதல் பேச்சு அது. நான் என்ன சொன்னேன்? நாலு பேர் எதிரில், “குடிகாரன் நக்குறதுக்கா நான் உப்பு விளைவிக்கிறேன்?” என்றேன்.

நீ தூக்குவாளியை எடுத்துக் கொடுத்தாய். “இந்த வருஷம் நீ போன் பண்ணாதப்பா. மெஷின் ஓடிட்டிருக்கும், காதுல விழாது” என்று சொல்லிவிட்டு வரப்பிலேயே திரும்பிப் போனாய். நீ ரோடு ஏறுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. நீ ஸ்பெயினுக்குப் போவதில் எனக்குப் பயம் இல்லை. என்னை விட்டுப் போய்விடுவாயோ என்றுதான்.

குடிகாரன் என்று அன்றைக்குச் சொன்னேனே, அது யாரைப் பற்றி? நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் வாரக் கூலி கொடுத்து முடித்ததும் நான் எந்த பஸ் ஏறுவேன் என்று ஊருக்கே தெரியும். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பார். அங்கே முருகையன் என்று ஒரு சப்ளையர். ஒரு நாள் நான் நாலாவது கேட்டபோது அந்த ஆள் கொடுக்கவில்லை. “போதும் சார், வீட்ல புள்ள இருக்குதுன்னு சொன்னீங்களே” என்றான். நான் கத்தினேன், கையை ஓங்கினேன். அவன் என் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிவிட்டு, மரக்காணம் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு நான் முழுசாக வீடு வந்து சேர்ந்தது அவனால்தான். அடுத்த வாரம் போய்க் கும்பிடு போட்டேன். மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாந்தி எடுத்த எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. அந்தப் பக்கம் தெளிவாக, நிமிர்ந்து நின்று, சொந்தக் கையால் சம்பாதிக்கிற உன்னைப் பற்றி எனக்கு வெட்கமாம். இதை எழுதும்போதுதான் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

போன மாதக் கடைசியில் விசா வேலையாக நீ நாலு நாள் சென்னையில் இருந்தாயே, அப்போது நடந்தது உனக்குத் தெரியாது. முதல் நாள் காலை தனசேகர் மாமா விக்கியின் புது பாஸ்போர்ட்டோடு டீக்கடைக்கு வந்தார். இனிமேல் தாங்காது என்று எழுந்து நின்றேன். டீக்கடையே பார்த்தது.

“தனசேகரு, நான் சொன்னது பொய். பாப்பா உப்புக் கம்பெனில இல்ல. கிளப்புல, பார்ல வேலை செய்யுது. சரக்கு கலந்து குடுக்குற வேலை. உன் பையன அலைய வெச்சிட்டேன், மன்னிச்சிடு.”

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அப்புறம் அஞ்சலைதான் முதலில் சிரித்தாள். டீ மூக்கில் ஏற ஏறச் சிரித்தாள்.

“ஏண்ணா, உப்புக் கம்பெனில எங்கண்ணா செவப்பு லைட்டு, நீல லைட்டு போடுவாங்க? பாப்பா போடுற ரீல்ஸ் எல்லாத்தையும் நாங்க பாத்துட்டுதான இருக்குறோம். பாட்டில மேல தூக்கிப் போட்டு முதுகுக்குப் பின்னால புடிக்குதே, எம் பொண்ணு தெனம் பிளாஸ்டிக் பாட்டில வெச்சிக்கினு அத மாதிரியே செஞ்சி பாக்குது!”

“அப்புறம் ஏன்டி என்னை ஆபீசுக்கு ஏசி இருக்குதான்னு கேட்டுக்கினே இருந்த?”

“நீ எவ்ளோ தூரம் போறேன்னு பாக்கத்தான்.”

தனசேகர் மாமா என் தோளில் கை வைத்தார். “உப்பளத்துக்குப் போறதுக்கு எவனாவது பாஸ்போர்ட் எடுப்பானாப்பா? விக்கி பார் வேலைக்குத்தான் கேட்டான். நீ சங்கடப்படுவியேன்னு உப்பளம்னு சொன்னேன்.”

என்னைத் தவிர ஊரில் ஒருத்தரும் அந்தப் பொய்யை நம்பவில்லை, பாப்பா. பதினோரு மாதமாக அதைக் கட்டிக் காத்தேன், அது ஊரில் யாரையும் ஏமாற்றவில்லை. உன்னை மட்டும்தான் அடித்தது.

அதே சூட்டில் திண்டிவனத்துக்கும் போன் போட்டுச் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் போகட்டும். பாட்டுச் சத்தத்துக்கே பயப்படுகிற வீட்டில் நீ எப்படி இருப்பாய்?

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன். அன்றைக்கே மதியம் அம்மாவின் ஜல்லிக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு பாத்தியில் இறங்கினேன். எத்தனை வருஷமாக உடைக்கத் தெரிந்த எனக்கு அதை எடுக்கத் தெரியவில்லை. கரண்டி பட்டதும் நொறுங்கி முழுகிவிடும். நடந்தால் அலை பட்டு உடையும், குனிந்தால் நெற்றி வியர்வை சொட்டி ஓட்டை விழும். முதல் நாள் கிடைத்தது ஒரு கைப்பிடிகூட இல்லை. இரண்டாம் நாள் கடல்காற்று, ஒன்றுமே படியவில்லை. வரப்பில் உட்கார்ந்து காற்றைத் திட்டினேன். அஞ்சலை வந்து, “காத்து உன் மாமனா மச்சானா, சொன்னா கேக்குறதுக்கு? நாளைக்கு வாண்ணா” என்றாள். மூன்றாம் நாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வரப்பில் குப்புறப் படுத்துக்கொண்டு, கரண்டியைத் தண்ணீருக்கு அடியில் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தூக்க வேண்டும். வந்தது! முழு ஏடாக, மினுமினு என்று, கையில் எடை தெரியாமல் வந்தது! நான் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்துபோயின. தனசேகர் மாமா வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து அவரும் படுத்தார். ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து பார்த்தவர்கள் மூன்று பேர் விழுந்து கிடக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நாலாம் நாள் பாட்டில் கழுத்து வரைக்கும் நிறைந்தது. வாயில் போட்டுப் பார்த்தேன். நறுக்கென்று கடிபட்டு உடனே கரைந்தது, கசப்பே இல்லை. இத்தனை காலம் நல்லதைத்தான் தட்டி முழுக வைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் ஜல்லிக்கரண்டி துருப்பிடித்துவிட்டது. அவளுக்கு நீதான் ஒரு நல்ல கரண்டி வாங்கி வர வேண்டும்.

அப்பன் என்று இருந்தால் நாலு புத்தி சொல்ல வேண்டுமே, சொல்லிவிடுகிறேன். விடிய விடிய நிற்கிற கால் உனக்கும் எனக்கும் ஒன்றுதான். வேலை முடிந்ததும் வெந்நீரில் காலை வை, விரல் இடுக்கைத் துடைத்துவிட்டுத் தூங்கு. தண்ணீர் குடிக்க மறக்காதே, சுற்றிலும் பாட்டில் இருக்கிறவர்கள்தான் அதை மறப்பார்கள். உன் கிளாசை உன் கண் பார்வையிலேயே வைத்துக்கொள். எவனாவது நாலாவது கேட்டுக் கத்தினால் முருகையனை நினைத்துக்கொள். கத்துகிறவனுக்கும் எங்கேயோ வீட்டில் ஒருத்தி விழித்துக்கொண்டிருப்பாள், செருப்பை மாட்டிவிட்டு அனுப்பு. கையை ஓங்கினால் மட்டும் நீ ஒதுங்கிக்கொண்டு காவலாளைக் கூப்பிடு. ஆட்டம் பிடித்திருந்தால் ஓய்வு நாளில் நீயும் போய் நன்றாக ஆடு. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்காதே.

புது டிரிங்க்கை மேனேஜர் குடித்துப் பார்க்கும்போது, விளிம்பில் இருக்கிற உப்பு எங்கே விளைந்தது என்று கேட்டால் மரக்காணம் என்று சொல். யார் எடுத்தது என்று கேட்டால் அஞ்சலை பெயரை முதலில் சொல், இல்லாவிட்டால் அவள் என்னை உயிரோடு விட மாட்டாள். பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் போகட்டும், அடுத்த சீசனுக்கு வேறு கலந்துகொள்ளலாம், உப்பு இங்கே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. அப்பாவுக்கு இதை மட்டும் செய். முதல் நாள் கிளப் திறந்து, கூட்டம் நிறைந்து, உன் இடைவேளை வரும். எனக்கு அப்போது வரக்காப்பி நேரம். டீக்கடையில் அஞ்சலை, தனசேகர், விக்கி எல்லாரும் இருப்பார்கள், போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருப்பேன். நீ பின்கதவைத் திறந்துகொண்டு கூடைச் சந்துக்கு வராதே. இருக்கிற இடத்திலேயே, பாட்டு அதிரட்டும், உள்ளேயே நின்று பேசு. நீ பேசுவது என் காதில் விழாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அப்பா